புதுப்பிப்பு: வசூல் ஏஜென்சி கேட்ட பழைய பாக்கியும் என் கிரெடிட் ஸ்கோரும்

பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக வசூல் ஏஜென்சி தினமும் அழைக்கிறது, ஸ்கோரும் சரிந்துவிட்டது, உடனே கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கணக்கை எழுத்தில் கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வந்த கணக்கில், நான் ஏற்கெனவே கட்டிய 2 தவணைகள் வரவு வைக்கப்படவே இல்லை. வங்கி ஸ்டேட்மெண்ட்டை அனுப்பியதும் தொகையைத் திருத்தினார்கள். அப்புறம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அப்படி முடித்தால் கிரெடிட் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடித்த கணக்கு) என்று நிற்கும் என்பதால் முழுசாகக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: கட்டிய பிறகும் அறிக்கையில் பாக்கி அப்படியே இருந்தது. சான்றை இணைத்து ஆட்சேபம் பதிந்த பிறகுதான் மாறியது. தாமதமாகக் கட்டிய பழைய பதிவுகள் உண்மை என்பதால் நீங்கவில்லை; ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறுகிறது.