மணலி புதுநகர் சைட்: கல் தூண் சுமைச் சோதனையில் 31 மி.மீ. இறங்கிவிட்டது, உதவி வேண்டும்

விச்சூர் சைட் இன்ஜினியர்

வணக்கம். மணலி புதுநகரைத் தாண்டி விச்சூர் போகிற வழியில் ஒரு கிடங்கு கட்டுகிறோம். 40 மீட்டருக்கு 25 மீட்டர். ராஃப்ட் அஸ்திவாரம் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை), சதுர மீட்டருக்கு 5 டன் சுமை என்று டிசைன். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் சைட் இது.

மண் ரிப்போர்ட்டில் இருப்பது: மேலே 1.8 மீட்டர் வரை கொட்டிய மண், செங்கல் உடைசல், அனல் மின் நிலையச் சாம்பல். அதற்குக் கீழே 7.5 மீட்டர் வரை கிளிஞ்சல் கலந்த சாம்பல் நிறக் களி, எஸ்பிடி (மண்ணின் உறுதியை அடி எண்ணிக்கையில் அளக்கும் சோதனை) 2, 3 தான். களியின் வலிமையை அளக்கும் வேன் டெஸ்ட்டில் 15 கிலோபாஸ்கல். அதன் கீழ் மணல், எஸ்பிடி 20க்கு மேல். தண்ணீர் 0.9 மீட்டரிலேயே நிற்கிறது.

600 மி.மீ. விட்டத்தில், முக்கோண அமைப்பில், 1.5 மீட்டர் இடைவெளியில், 8.5 மீட்டர் ஆழத்துக்கு ஸ்டோன் காலம், அதாவது கல் தூண் போட்டோம். கேசிங் (இரும்புக் குழாய்) இறக்கி, ஜல்லி கொட்டி, ஹேமரால் இடித்துக்கொண்டே கேசிங்கை உருவும் முறை. போட்டு நாலாவது நாள் ஒரு தூணில் 10 டன் வைத்துச் சோதித்தோம். 31 மி.மீ. இறங்கிவிட்டது. கல் தூணுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15284 முதல் பகுதி ஒற்றைத் தூணுக்கு டிசைன் சுமையில் 10 முதல் 12 மி.மீ. வரைதான் ஏற்கிறது.

ஒப்பந்தக்காரர் "களி அப்படித்தான் சார், போகப்போகச் சரியாகிடும்" என்கிறார். ஓனர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பைலுக்கு (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போகலாமா என்று தினமும் கேட்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. எங்கே தப்பு நடந்திருக்கும்?

கத்திவாக்கம் சிவில்

பைலுக்கே போயிடுங்க. எண்ணூர் பக்கம் களியை நம்பி யாரும் நிம்மதியா இருந்ததில்லை. மணல்ல போய் உட்கார்ந்துட்டா பிரச்சினை முடிஞ்சுது.

பழைய மண் ஆய்வாளர், தண்டையார்பேட்டை

தம்பி, பைலுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. சோதனையில் ஜாக்கிக்குக் கீழே வைத்த தகடு எவ்வளவு அகலம்?

விச்சூர் சைட் இன்ஜினியர்

600 மி.மீ. வட்டத் தகடு சார். தூணின் தலையை மட்டம் பண்ணி, அதன் மேல் நேராக வைத்தோம்.

பழைய மண் ஆய்வாளர், தண்டையார்பேட்டை

அப்படியானால் உங்கள் தூணைக் குறை சொல்ல இன்னும் காரணம் கிடைக்கவில்லை. சோதனையே தப்பு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.5 மீட்டர் முக்கோண இடைவெளியில் ஒவ்வொரு தூணுக்கும் 1.95 சதுர மீட்டர் தரை சேரும். அதை 5 டன்னால் பெருக்கினால் 9.75. உங்கள் 10 டன் இங்கிருந்துதான் வந்தது. அந்தச் சுமை தூணும் சுற்றியிருக்கும் களியும் சேர்ந்து தாங்க வேண்டியது. நீங்கள் அதை முழுக்க 0.283 சதுர மீட்டர் ஜல்லியின் தலையில் ஏற்றிவிட்டீர்கள். சதுர மீட்டருக்கு 35 டன் ஆகிறது! 15 கிலோபாஸ்கல் களி பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக்கூடிய எல்லைக்கே அது போய்விடும். தூண் வயிறு தள்ளியிருக்கும்.

கல் தூணில் சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. கோணிப்பையில் கொட்டிய அரிசி மாதிரி அது. பை இறுக்கமாக இருக்கும் வரை மூட்டை நிற்கும். இங்கே பை என்பது களி. பிதுங்குவது பெரும்பாலும் மேல்பக்கம், விட்டத்தைப் போல நாலு மடங்கு ஆழத்துக்குள். உங்களுக்கு அது முதல் 2.4 மீட்டர்.

மறுசோதனைக்குத் தூணுக்கு மேல் மணல் பரப்பி, 1.4 மீட்டர் சதுரத்தில் கான்கிரீட் பலகை வைத்துச் சுமை ஏற்றுங்கள். அதோடு நிறுத்தாமல் மூன்று தூண் சேர்ந்த குழுச் சோதனையும் செய்யுங்கள். எனக்கு ஒற்றைத் தூணைவிட அதில்தான் நம்பிக்கை. அதற்கு 25 முதல் 30 மி.மீ. வரை ஏற்கலாம். நாலாவது நாள் சோதனை ரொம்ப அவசரம். இடித்த இடியில் களிக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும், அது வடிய வாரக்கணக்கில் விடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு தூணுக்கும் எத்தனை ஜல்லி போனது என்று எழுதி வைத்தீர்களா? அந்த நோட்டுதான் எனக்கு வேண்டும்.

விச்சூர் சைட் இன்ஜினியர்

எழுதி வைத்திருக்கிறேன் சார். கணக்குப்படி ஒரு தூணுக்கு 2.4 கன மீட்டர். பெரும்பாலானவை 2.9 முதல் 3.2 வரை வாங்கியிருக்கின்றன. வடகிழக்கு மூலையில் 14 தூண் மட்டும் 4.5, 4.8 என்று விழுங்கியிருக்கின்றன. ஜல்லி அதிகம் போனால் தூண் பலமாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போரிங் மேஸ்திரி, வியாசர்பாடி

தம்பி, அதான் ஆபத்து. இடிச்சா இறுகுற அளவுக்கு 3 வரைக்கும் போறது சரி. 4.8 போச்சுன்னா கல்லு பக்கத்துல எங்கயோ ஓடியிருக்கு. எங்க ஏரியாவுல பாதி மனை குட்டையைத் தூத்த இடம். பக்கத்துல இருக்கிற வயசானவங்ககிட்ட அந்த மூலையில முன்ன என்ன இருந்துச்சுன்னு கேளு. அப்புறம் ஜேசிபி வச்சு ரெண்டு மீட்டர் தோண்டிப் பாரு.

கேசிங் உருவும்போதும் கூடவே இரு. உள்ள ஒரு மீட்டராவது கல்லு நிக்கணும். ஆளுங்க சாப்பாட்டு நேரம் பார்த்து வேகமா உருவுனா களி உள்ள பிதுங்கி தூணையே அறுத்துடும். அந்த மாதிரி தூணுல கல்லு கம்மியா போயிருக்கும். 2.4க்கும் கீழ எதுனா இருக்கான்னு நோட்டைப் பாரு.

விச்சூர் சைட் இன்ஜினியர்

2.4க்குக் கீழே எதுவும் இல்லை அண்ணே.

இன்று அந்த மூலையைத் தோண்டினோம். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாட்டி, அங்கே மாடு தண்ணி குடிக்கும் குட்டை இருந்தது என்று சொன்னார். 1.3 மீட்டரில் கருப்புச் சேறு ஆரம்பித்தது. தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் கவர், துணி, அழுகின வாடை. அது 2.1 மீட்டர் வரை போகிறது. தூணின் ஜல்லி அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் சிதறி அந்தச் சேற்றுக்குள் கிடந்தது. கையால் ஒரு கல்லை இழுத்தேன், வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தது. மண் ஆய்வுக்குப் போட்ட மூன்று துளைகளும் அந்தக் குட்டைக்கு வெளியே விழுந்திருக்கின்றன.

பழைய மண் ஆய்வாளர், தண்டையார்பேட்டை

நல்ல வேலை செய்தீர்கள். அழுகும் மண் எந்தத் தூணையும் பிடித்து நிறுத்தாது. இன்றைக்குப் பிடித்தாலும் மக்க மக்க விட்டுவிடும். அந்த மூலையில் சேறு முழுவதையும் அள்ளி எடுங்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டே ஆற்று மணலோ எம்-சாண்டோ அடுக்கடுக்காகப் போட்டு இறுக்குங்கள். அந்த 14 தூண்களின் மேல்பகுதியைத் திரும்ப இடித்துக் கட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கம் வரும். மனையை உயர்த்தப் போகிறீர்களா?

விச்சூர் சைட் இன்ஜினியர்

ஆமாம் சார், 2021 வெள்ளத்தைப் பார்த்த பிறகு 0.9 மீட்டர் உயர்த்த முடிவு. ராஃப்ட் போடும்போது கூடவே செய்வதாகத் திட்டம். தூணுக்கு மேல் குவாரி டஸ்ட் பரப்பியிருக்கிறோம்.

பழைய மண் ஆய்வாளர், தண்டையார்பேட்டை

கொட்டும் மண்ணும் சுமைதான். 0.9 மீட்டர் மண் சதுர மீட்டருக்கு 1.6 டன். உங்கள் 5 டன்னில் அது சேர்ந்திருக்கிறதா என்று டிசைன் செய்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கல் தூண் போட்டால் இறங்கவே இறங்காது என்று ஓனரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் இடைவெளியில் தரையில் 14.5 சதவீதம்தான் கல். கல்லின் மேல் களியைவிட மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது என்று வைத்தால், தூண் இல்லாமல் 200 மி.மீ. இறங்க வேண்டிய இடம் 155 இறங்கும். களியின் மேல் ராஃப்ட்டுக்கு ஐ.எஸ். 1904 சொல்லும் எல்லை 100. மீதியை எங்கே கழிப்பது? கட்டுவதற்கு முன்னால் கழிக்க வேண்டும். கல் தூண் ஒரு வடிகாலும்கூட. களியின் தண்ணீர் மேலும் கீழுமாகக் களியைக் கடந்து வெளியேற வேண்டாம், பக்கத்துத் தூண் வரை வந்தால் போதும். அதனால் வருடக்கணக்கில் இறங்குவது மாதக்கணக்கில் இறங்கிவிடும்.

ஆகவே உயர்த்தும் மண்ணை இப்போதே கொட்டுங்கள். முடிந்தால் 2 மீட்டர் ஏற்றி, தரை இறங்குவதை அளக்க இறக்கத் தகடு பதித்து, வாசிப்பு அடங்கிய பிறகு மிச்சத்தை அள்ளிவிட்டு ராஃப்ட் போடுங்கள். உயரத்தை டிசைனர் முடிவு செய்யட்டும். அதற்கு முன் அந்தக் குவாரி டஸ்ட்டை எடுத்துவிடுங்கள். தூள் ஈரத்தில் இறுகித் தூணின் வாயை அடைத்துவிடும். சுத்தமான கரடு மணல், அரை மீட்டராவது வேண்டும்.

கத்திவாக்கம் சிவில்

சார், நான் முதலில் பைல் என்றேன். பைல் போட்டால் இந்த வம்பே இல்லையே?

பழைய மண் ஆய்வாளர், தண்டையார்பேட்டை

மாடிக் கட்டடத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். கிடங்கில் சுமை தரையில்தான் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்று பார்த்தேன். பைல் மேல் நின்ற கட்டடத் தூண்கள் அசையவில்லை, நடுவில் தரை மட்டும் ஒரு சாண் இறங்கி, ஷட்டர் வாசலில் லாரி ஏற மரப்பலகை போட்டிருந்தார்கள். தரைக்கும் பைல் போடுவதானால் செலவு வேறு கதை. புதிதாகக் கொட்டிய மண் இறங்கும்போது பைலையும் கீழே இழுக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விச்சூர் சைட் இன்ஜினியர்

எல்லாருக்கும் நன்றி. 1.6 டன் சேரவில்லை என்று டிசைனர் ஒப்புக்கொண்டார். 1.8 மீட்டர் மண் ஏற்றச் சொல்லியிருக்கிறார். குட்டை மூலை சுத்தம் செய்து தூண்களைக் கட்டியாயிற்று. 28 நாள் கழித்து 1.4 மீட்டர் பலகையில் ஒற்றைத் தூண் 9 மி.மீ., மூன்று தூண் குழு 23 மி.மீ. குவாரி டஸ்ட் போய் மணல் வந்துவிட்டது. மண் ஏற்றி, நாலு இறக்கத் தகடு வைத்திருக்கிறோம். முதல் 10 நாளில் சராசரி 31 மி.மீ., அடுத்த 10 நாளில் 19. மணல் விளிம்பில் தண்ணீர் கசிந்து வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஓனரையும் கூட்டிவந்து காட்டினேன். வாசிப்பு அடங்கும் வரை கம்பி கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்.

போரிங் மேஸ்திரி, வியாசர்பாடி

நல்லது தம்பி. மழைக்கு முன்ன மண்ணோட சரிவுக்கு மணல் மூட்டை அடுக்கிடு. தகட்டுக் கம்பியில லாரி இடிக்காம சுத்தி டிரம் வை.