20,000 புள்ளி போட்டா லேப்டாப் உறைஞ்சுடுது, இன்வர்ஸ் எடுக்காம வழி இருக்கா?

கம்பிச்சூடு:
ஒரு கம்பில சூடு எப்படி பரவுதுன்னு பைத்தான்ல சிமுலேட் பண்றேன், ரெண்டு முனையும் ஃபிக்ஸ்டு டெம்பரேச்சர், இம்ப்ளிசிட் மெத்தட், அதாவது ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும் எல்லா புள்ளியோட புது சூட்டையும் (எக்ஸ்) சேர்த்து ஏ எக்ஸ் = பி-ன்னு சால்வ் பண்ணணும். ஏ மேட்ரிக்ஸ் மாறவே மாறாது, வலது பக்கம் பி மட்டும்தான் ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும் மாறுது, அதனால ஆரம்பத்துலயே இன்வர்ஸ் எடுத்து வச்சுட்டு பெருக்கிட்டே போறேன். 500 புள்ளிக்கு ஜம்முனு ஓடுது, 20,000 போட்டா 8 ஜிபி லேப்டாப் அவுட். எல்லாரும் இன்வர்ஸ் எடுக்காதேங்கறாங்க, ஆனா ஸ்டெப்புக்கு ஸ்டெப் முதல்லேர்ந்து எலிமினேஷன் (வரிய வரியால கழிச்சு சால்வ் பண்றது) பண்றதுக்கு இது தேவலாம் இல்லையா?

பழைய_ஃபோர்ட்ரான்:
முதல்லேர்ந்து யாரு தம்பி பண்ணச் சொன்னா? எலிமினேஷன ஒரு தடவ பண்ணி எல், யூ ரெண்டையும் (ஏ-வ பெருக்கலா பிரிச்சா வர்ற கீழ் முக்கோண, மேல் முக்கோண மேட்ரிக்ஸ்) வச்சுக்கோங்க, புள்ளி எண்ணிக்கை 'என்'னா அதுக்கு சுமாரா என் கியூப்ல மூணுல ரெண்டு பங்கு கணக்கு, இன்வர்ஸுக்கு ரெண்டு என் கியூப், அதாவது மூணு மடங்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு பி-க்கும் மேலேர்ந்து ஒரு தடவ கீழேர்ந்து ஒரு தடவ சப்ஸ்டிட்யூட் பண்ணா ரெண்டு என் ஸ்கொயர், இன்வர்ஸால பெருக்கினாலும் அதே ரெண்டு என் ஸ்கொயர்தான். அப்போ இன்வர்ஸ்ல லாபம் எங்க? பைத்தானோட சைபை லைப்ரரில எல்யூ_ஃபேக்டர், எல்யூ_சால்வ் பாருங்க.

மூணுகோடு:
அண்ணா சொல்றது சரி, ஆனா இவர் கேஸுக்கு அதுவும் வேஸ்ட். இவரோட ஏ ட்ரைடயகனல், நடுக்கோடும் அதுக்கு மேல கீழ ஒவ்வொரு கோடும் தவிர எல்லாம் சைபர். நாலுக்கு நாலு எடுத்து கையால போட்டுப் பாருங்க, நடுல 2, பக்கத்துல -1. இன்வர்ஸோட முதல் வரி 4/5, 3/5, 2/5, 1/5, அடுத்தது 3/5, 6/5, 4/5, 2/5, ஒரு சைபர் கூட மிஞ்சாது. அதே எலிமினேஷன் பண்ணா பிவட் (வகுக்கறதுக்கு எடுக்கற நடுக்கோட்டு நம்பர்) 2, 3/2, 4/3, 5/4, சைபரெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். 20,000-க்கு இன்வர்ஸ்னா 40 கோடி நம்பர், 3.2 ஜிபி, கணக்கு நடக்கறப்போ காப்பி வேற, லேப்டாப் பாவம் என்ன பண்ணும். மூணு கோட்ட மட்டும் வச்சா 60,000 நம்பர், அரை எம்பி கூட வராது.

கம்பிச்சூடு:
ஓ, நான் நம்பைல முழு மேட்ரிக்ஸாவே கட்டிட்டு இருக்கேன். பிவட்டிங், அதாவது பிவட் சின்னதாயிடாம இருக்க வரிய இடம் மாத்தறது, வேண்டாமா?

மூணுகோடு:
வேண்டாம் ப்ரோ, உங்க ஏ-ல நடுல 1+2ஆர், பக்கத்துல -ஆர் (ஆர்ங்கறது டைம் ஸ்டெப், புள்ளி இடைவெளி, கம்பியோட தன்மை மூணும் சேர்ந்த பாசிட்டிவ் நம்பர்), டயகனல் எப்பவும் பெருசுதான். சிமெட்ரிக், பாசிட்டிவ் டெஃபினிட் (பிவட் எல்லாமே பாசிட்டிவ்) வேற, அதனால இந்த மாதிரி மேட்ரிக்ஸுக்கான எல்யூ வகையான சோலெஸ்கி போதும், சைபைல சோலெஸ்கி_பேண்டட் லூப்புக்கு வெளிய ஒரு தடவ, உள்ள சோ_சால்வ்_பேண்டட்.

பழைய_ஃபோர்ட்ரான்:
ஆமா, அதான் சரி. நாளைக்கு இதையே 2டி தகடுக்கு மாத்தினீங்கன்னா கோடு தள்ளித் தள்ளிப் போகும், எலிமினேஷன்ல நடுல உள்ள சைபர் இடமெல்லாம் நம்பரால நிரம்ப ஆரம்பிச்சுடும், அப்போ ஸ்பார்ஸ் எல்யூ (சைபர் இல்லாத நம்பர மட்டும் வச்சுக்கற எல்யூ) இல்லன்னா கான்ஜுகேட் கிரேடியன்ட் (எலிமினேஷனே இல்லாம படிப்படியா விடைய நெருங்கற முறை) பக்கம் வாங்க.