மெடிக்கல் கோடிங் வேலை: இடது கை மரத்துப்போகிறது, கண் எரிகிறது. யாருக்காவது அனுபவம் உண்டா?

திருச்சி_கோடர்:

வணக்கம். வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன், எமர்ஜென்சி சார்ட். அமெரிக்காவில் ஒருவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்து போனால், டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கு ஐசிடி-10, சிகிச்சைக்கு சிபிடி என்று குறியீட்டு எண் (கோடு) போட வேண்டும். டைனிங் டேபிளில் லேப்டாப், பக்கத்தில் இன்னொரு மானிட்டர். ஒன்றில் சார்ட், இன்னொன்றில் கோடு. பகல் ஷிஃப்ட்தான், அந்த வகையில் கொடுத்து வைத்தவள்.

கொஞ்ச நாளாக ராத்திரி திடீரென்று விழிப்பு வருகிறது. பார்த்தால் இடது கை மரத்துக் கிடக்கிறது. கையை நீட்டி வைத்தால் மெதுவாக உணர்ச்சி திரும்புகிறது. எனக்குக் குழப்பமே இங்கேதான். மவுஸ் பிடிப்பது வலது கை. அது நன்றாக இருக்கிறது! சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தலும் எரிச்சலும் வேறு.

எழுந்து நடக்கலாம் என்றால் சிஸ்டத்தில் ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஓடுகிறது. ஐந்து நிமிடம் மவுஸும் கீபோர்டும் அசையாவிட்டால் 'ஐடில்' என்று பதிவாகும். நீளமான சார்ட்டை ஒழுங்காக உட்கார்ந்து படித்தாலும் ஐடில்தான். அதனால் படிக்கும்போதே வலது கை சும்மா மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும். குவாலிட்டி, அதாவது கோடு சரியாக இருக்கும் அளவு, 95 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, டார்கெட்டும் குறையக்கூடாது. குறைந்தால் இன்சென்டிவ் போச்சு.

அம்மா தைலம் தேய்க்கச் சொல்கிறார். கண்ணாடிக் கடையில் ப்ளூ லைட் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். தங்கை காலேஜ் முடிக்கும் வரை வேலையை விட முடியாது, அதனால் 'வேற வேலை பாருங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மதுரை_பிசியோ:

தங்கச்சி, எந்த விரல்கள் என்று சொல்லவில்லையே. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கமா? சுண்டுவிரல் பக்கமா? அப்புறம், சார்ட் படிக்கும்போது இடது கை எங்கே இருக்கும்?

திருச்சி_கோடர்:

சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான். இடது கை... முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்துத்தான் படிப்பேன். நாள் பூரா அப்படித்தான்.

மதுரை_பிசியோ:

நினைத்தேன். கம்ப்யூட்டர் வேலை, கை மரத்துப்போகிறது என்றாலே எல்லோரும் கார்ப்பல் டனல் என்பார்கள். அது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுவது. கட்டைவிரலில் தொடங்கி மோதிரவிரலின் பாதி வரை தெரியும், சுண்டுவிரலைத் தொடாது. நீங்கள் சொல்வது அல்னார் நரம்பு மாதிரி இருக்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த நரம்புதான். அந்த இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே அதற்குப் பாதுகாப்பே கிடையாது. விளிம்பில் ஊன்றினால் நேராக அழுத்தும், முழங்கையை மடக்கி வைத்தால் இழுபடும். நீங்கள் பகலில் இரண்டையும் செய்கிறீர்கள். ராத்திரி கையை மடக்கிக்கொண்டு தூங்கினால் விழிப்பு வரத்தான் செய்யும்.

முதலில் முழங்கை ஊன்றுவதை நிறுத்துங்கள். தூங்கும்போது ஒரு டவலை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் கை முழுக்க மடங்காது. சில வாரம் பாருங்கள். பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றினாலோ காத்திருக்க வேண்டாம், எலும்பு டாக்டரிடம் போய் நரம்பு டெஸ்ட் எடுங்கள். சர்க்கரை, பி12 இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தைலம் அம்மாவுக்காகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கண்_பரிசோதகர்:

ப்ளூ லைட் கண்ணாடிக்குப் பணம் போடாதீர்கள். அதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2023-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை வந்தது. சாதாரணக் கண்ணாடியை விட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கு எரிவது வெளிச்சத்தால் அல்ல, கண் சிமிட்டாததால். திரையை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும், கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடும். ஃபேன் நேரே முகத்தில் அடித்தால் இன்னும் மோசம், அதைத் திருப்பி வையுங்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாலும் சரி. 20 விநாடி உங்கள் ஐடில் கணக்கில் சிக்காது. சொட்டு மருந்து வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுச் செயற்கைக் கண்ணீர் வாங்குங்கள். சிவப்பு போக என்று மெடிக்கலில் தருவதைத் தொடர்ந்து போடாதீர்கள்.

முன்னாள்_டிஎல்_சென்னை:

பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஃபீல்டில் இருந்தவன் சொல்கிறேன். மவுஸைத் தானாக ஆட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்ப்பது நோயாளிகளின் விவரம், அதைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின்படி ஆடிட் உண்டு. அனுமதியில்லாத சாஃப்ட்வேர் அகப்பட்டால் அன்றைக்கே லாகின் போய்விடும்.

அந்த ஐடில் ரிப்போர்ட்டை நானும் வாரா வாரம் பார்த்திருக்கிறேன். கவனமாகப் படிக்கிற கோடருக்கு ஐடில் கூடுதலாகவும் எரர் குறைவாகவும் இருக்கும். கண்டபடி கிளிக் செய்கிறவருக்கு அப்படியே நேர்மாறு. கை அசைவதுதான் வேலை என்று நினைத்து எழுதிய சாஃப்ட்வேர் அது, வேறென்ன வரும்? மேலே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் 'கிளையண்ட் கேட்கிறார்' என்பார்கள்.

ஆனாலும் உங்கள் டீம் லீடரிடம் (டி.எல்.) வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள். உங்கள் குவாலிட்டி சதவீதத்தையும் ஐடில் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் இணையுங்கள், எச்.ஆருக்கும் காப்பி வையுங்கள். எழுத்தில் வந்ததைத் தள்ளிவிடுவது அவர்களுக்குச் சிரமம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். அங்கே நரம்பு டெஸ்டுக்கு வழி உண்டு, டாக்டர் லீவு எழுதினால் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த கார்டைக் கையில் வாங்கியதே இல்லை.

திருச்சி_கோடர்:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ அண்ணா, ஏர்கோனாமிக் சேர் (உடம்புக்கு ஏற்றபடி அமைத்த நாற்காலி) ஒன்று தவணையில் வாங்கலாம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கட்டுமா?

மதுரை_பிசியோ:

பொறுங்கள். டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குல உயரம், டைப் அடிக்க அது அதிகம். அதனால்தான் தோள் தூக்கிக்கொள்கிறது, முழங்கை விளிம்பில் போய் நிற்கிறது. இருக்கிற நாற்காலியில் கெட்டியான குஷன் போட்டு, முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்காருங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. சார்ட் இருக்கிற திரையை நேர் எதிரே வையுங்கள், மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். இதையெல்லாம் செய்து முதுகு வலித்தால் அப்புறம் சேர் வாங்கலாம்.