அப்பாவும் சித்தப்பாவும் குணத்தில் வேறுபடுவது வயதாலா, வளர்ந்த காலத்தாலா?

கேள்வி (வட்டக்கச்சி)
என் தந்தை 1941 இல் பிறந்தவர். அவருடைய கடைசித் தம்பி 1958 இல் பிறந்தவர். இருவரும் ஒரே கமத்தில் பாடுபட்டவர்கள். ஆயினும், இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பது பற்றிய கூட்டத்தில் அப்பா கடைசி வரிசையில், சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, அதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையசைப்பார். சித்தப்பாவோ எழுந்து நின்று, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேராதது ஏன் என்று கேட்பார். மூப்பு முற்றினால் எவரும் இப்படித்தான் ஒடுங்கிவிடுவார்களா?

பதில் (முழங்காவில்)
அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. வயது வேறான இருவரை ஒரே நாளில் ஒப்பிட்டால், மூப்பின் விளைவும் பிறந்த காலத்தின் விளைவும் பின்னிக்கிடக்கும். இவற்றைப் பிரித்தறியவே, 1956 இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையவர்களை மீண்டும் சோதித்ததோடு புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெர்லினில் 1990களின் தொடக்கத்தில் ஆராயப்பட்ட முதியோரையும், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வயதில் இருந்தவர்களையும் ஒப்பிட்டபோது, தம் வாழ்க்கை பிறர் கையிலோ விதியின் கையிலோ இருக்கிறது என்ற எண்ணம் பின்னவர்களிடம் குறைந்திருந்தது. உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் எவ்வளவு படித்தார்கள்?

கேட்டவர்
அப்பா ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். சித்தப்பாவைப் பத்தாம் வகுப்புவரை படிக்க வைத்தவரும் அவரே.

பதில் (தருமபுரம்)
பிறந்த ஆண்டு மட்டும் போதாது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து இங்கு வந்த என் அம்மா 1943 இல் பிறந்தவர். தோட்டத்துத் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிப் பழகிய அவர், இன்றும் எந்த அதிகாரி முன்னும் குரலைத் தாழ்த்துவதில்லை. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சித்தப்பாவுக்கு இப்போதுள்ள 67 வயதில், அதாவது 2008 இல், உங்கள் அப்பா எந்த நிலையில் இருந்தார்?

கேட்டவர்
அக்கா, அந்த வருடம் அவர் விதைநெல் மூட்டையோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி இடம்பெயர்ந்தார். நான் எண்ணிப் பார்க்காத கணக்கு இது. அதிகாரி முன் அவர் என்றும் பணிந்தே நின்றார். அது அவர் வளர்ந்த காலத்தின் பழக்கமாக இருக்கலாம். ஆனால் காத்தவராயன் கூத்தில் விடியும்வரை ஆடிப் பாடியவரும் அவரே. அந்தப் பாட்டு மூப்பினால் நிற்கவில்லை. 2009 க்குப் பிறகே அவர் ஓரடிகூடப் பாடவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘வயது போய்விட்டது’ என்று இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.