புதுப்பிப்பு: பேரலில் ஒட்டிய ஈயம் போய்விட்டது

டெக்சாஸில் வாங்கிய பழைய வின்செஸ்டர் 94 ரைஃபிள் துப்பாக்கி பற்றிப் போன மாதம் புலம்பியிருந்தேன். வார்த்த ஈயக் குண்டுகள் இருபது சுட்டதுமே குறி சிதறும், பேரலுக்குள் (குழலுக்குள்) சாம்பல் நிற ஈயப் பூச்சு. ஈயத்தைக் கடினமாக்கச் சொன்னீர்கள். கோளாறு அதில் இல்லை.

மென்மையான ஈயத் துண்டு ஒன்றைப் பேரலுக்குள் தட்டி இறக்கி மைக்ரோமீட்டரில் அளந்தேன். உட்சுவரில் சுழன்று ஓடும் பள்ளங்களின் விட்டம் 0.3095 அங்குலம், என் குண்டோ 0.309! அந்த இடுக்கில் சூடான வாயு புகுந்து ஓரத்தை அரித்து, ஈயத்தைப் பூசியிருக்கிறது. இப்போது 0.311 அங்குலக் குண்டு. நாற்பது சுட்டும் பேரல் பளிச்.

செம்பு கரைக்கும் திரவம் ஈயத்தைச் சீண்டவே இல்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரை (காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, வேண்டாம்) பழைய பிரஷில் சுற்றிப் பத்து முறை இழுத்தேன். துணியில் மீன் செதில் மாதிரி ஈயம் வந்தது. இந்தத் துப்பாக்கியில் சுத்தம் செய்யும் கம்பியை முன்வாய் வழியாகத்தான் விட முடியும். கம்பியை நடுவில் நிறுத்தும் கைடு போடாவிட்டால் முன்வாயின் விளிம்பு தேயும்.

வினிகரோடு பெராக்சைடு கலக்கச் சொன்ன நண்பருக்கு: ஈயம் கரையும், சரி. ஆனால் மிஞ்சுவது லெட் அசிடேட், விஷம். நான் தொடவில்லை.