ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணிடலாமா? தினமும் ஷட்டவுன் பண்ணியும் 19 நாளா ஓடுதுன்னு காட்டுது

தென்காசி சாரல்:
வணக்கம் மக்களே. வீட்ல இருக்கறது பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப், ஐ3, 8 ஜிபி ராம், போன வருஷம் 240 ஜிபி எஸ்எஸ்டி மாத்துனேன், விண்டோஸ் 10. காலையில ஆன் பண்ணா சில நாள் பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது, வயர உருவி மாட்டுனாலும் வராது, ஆனா ரீஸ்டார்ட் அடிச்சா சமத்தா வந்துரும். நேத்து பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கணும், வாசல்ல வேன்காரர் ஹாரன் அடிக்கறாரு, அவ ஒரு ஷூவ மாட்டிக்கிட்டு என் பக்கத்துல நிக்கறா, நான் ஸ்க்ரீன்ல ஆஃப்லைன்னு இருக்கறதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். கடைசில பிரிண்ட் இல்லாமத்தான் போனா.

கம்ப்யூட்டர் கடை தம்பிகிட்ட ஃபோன்ல கேட்டா "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணுங்கண்ணே" ன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. சரி என்னன்னு பாப்போம்னு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியுவ க்ளிக் பண்ணா அப்டைம் 19 நாள்னு இருக்கு! நான் தினமும் ராத்திரி ஷட்டவுன் பண்ணி ப்ளக் ஸ்விட்ச்சையும் அணைச்சிட்டுத்தான் படுக்கறேன், இங்க இடி மின்னல் ஜாஸ்தி, வீட்டம்மா விடமாட்டாங்க. கரண்டே இல்லாத மெஷின் எப்படிய்யா 19 நாள் ஓடும்?

இன்னொண்ணு, பயாஸ்லயும் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) ஃபாஸ்ட் பூட்னு ஒண்ணு இருக்காமே, ரெண்டும் ஒண்ணா? அப்புறம் மாசத்துல ரெண்டு மூணு தடவ டேட் எங்கயோ பழைய வருஷத்துக்கு ஓடிப்போயிடுது, ப்ரவுசர்ல எந்த சைட்டும் திறக்காம சர்டிஃபிகேட் எரர் அடிக்குது. இதுக்கும் அதுதான் காரணமா?

பழைய மதர்போர்டு:
அண்ணாச்சி, நீங்க பண்றது முழு ஷட்டவுனே இல்ல. விண்டோஸ் 8ல, அதாவது 2012ல வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ங்கற ஏற்பாடு இது. ஷட்டவுன் குடுத்தா உங்க லாகின், திறந்து வச்ச ப்ரோக்ராம் எல்லாத்தையும் ஒழுங்கா மூடிடும், ஆனா உள்ள இருக்கற கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவருங்களையும் (பிரிண்டர் மாதிரி சாமான்கள இயக்கற ப்ரோக்ராம்) மூடாது, அப்ப இருந்த நிலைமையில அப்படியே டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வச்சிட்டுத் தூங்கிடும். மறுநாள் அதத் தூக்கி ராம்ல போட்டுக்கும், அதான் சீக்கிரம் வருது. கடைய மூடும்போது எதையும் ஒதுங்க வைக்காம ஷட்டர மட்டும் இறக்கிட்டுப் போற மாதிரின்னு வச்சுக்கோங்க, காலையில ஷட்டரத் தூக்குன உடனே வியாபாரம் பாக்கலாம், ஆனா நேத்து தரையில சிந்துன எண்ணெயும் அங்கயேதான் கிடக்கும். உங்க பிரிண்டர் டிரைவர் அந்த எண்ணெய்தான்.

ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும் எல்லாத்தையும் துடைச்சிட்டு முதல்லருந்து ஆரம்பிக்கும். நம்மாளுங்க ரீஸ்டார்ட்ட விட ஷட்டவுன்தான் ஃபுல் ரெஸ்ட்னு நினைப்பாங்க, இதுல உல்டா. 19 நாள்ங்கறது நீங்க கடைசியா ரீஸ்டார்ட் அடிச்சதுலருந்து எண்ணுது, நடுவுல கரண்ட் இருந்துச்சா இல்லையாங்கறது அதுக்குக் கவலையே இல்ல. ஸ்விட்ச்ச அணைக்கறதால கெடுதல் ஒண்ணும் கிடையாது, எழுதி வச்சது டிஸ்க்லதான் இருக்கு.

எஸ்எஸ்டி இருக்குல்ல, அதுவே வேகமான டிஸ்க்தான், யோசிக்காம ஆஃப் பண்ணுங்க. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் இடது பக்கம் "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" திறங்க, கீழ டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு மங்கலா இருக்கும், மேல இருக்கற "சேஞ்ச் செட்டிங்ஸ்" லிங்க்க அமுக்குனாத்தான் டிக்க எடுக்க விடும். எடுத்துட்டு சேவ் பண்ணிடுங்க.

ஹார்ட்டிஸ்க் விசுவாசி:
எல்லாருக்கும் ஆஃப் பண்ணுன்னு சொல்லிடாதீங்க பாஸ். எங்கப்பா மெஷின் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான், ஆன்ல இருந்தா நாப்பது செகண்ட்ல டெஸ்க்டாப் வரும், ஆஃப் பண்ணிப் பாத்தேன், ரெண்டு நிமிஷம் ஆச்சு, அவரு "ஏம்ப்பா கெடுத்து வச்சிட்டியா"ன்னு ஃபோன் போட்டு திட்டுனாரு. மறுபடி ஆன் பண்ணிட்டு, வாரத்துல ஒரு நாள் ரீஸ்டார்ட் அடிங்கப்பான்னு சொல்லி வச்சிருக்கேன், அது போதும். என்னிக்காவது முழுசா மூடணும்னா ஷிஃப்ட் கீய அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு ஷட்டவுன் குடுங்க, அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஃபுல்லா மூடும். ராம் மாத்தறது, டிஸ்க்க கழட்டறதுன்னு கேபினட்டத் திறக்கறதுக்கு முன்னாடி இதக் கண்டிப்பா பண்ணுங்க.

பழைய மதர்போர்டு:
ஹார்ட் டிஸ்க்னா நீங்க சொல்றது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா அப்பாவுக்கும் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிக் குடுத்துடலாமே சார் 😄

லினக்ஸ் கிறுக்கன்:
யாராவது விண்டோஸ் கூட உபுண்டு லினக்ஸும் போட்டு வச்சிருந்தா இதப் படிச்சிட்டுப் போங்க, நான் அனுபவிச்சது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருக்கும்போது விண்டோஸ் தன் டிரைவுங்கள முழுசா விட்டுட்டுப் போகாது, பாதி திறந்த மாதிரியே வச்சிட்டுத் தூங்கும். லினக்ஸ்லருந்து டி டிரைவத் திறந்தா விண்டோஸ் ஹைபர்நேட்ல (நிலைமைய டிஸ்க்ல எழுதி வச்சிட்டுத் தூங்கறது) இருக்கு, மவுண்ட் பண்ண மாட்டேன், அதாவது டிரைவ இணைக்க மாட்டேன்னு சொல்லும், இல்லன்னா ரீட் ஒன்லியா, படிக்க மட்டும் திறக்கும். என்னடா இதுன்னு நெட்ல தேடி ஏதோ ஒரு கமாண்ட்ட அடிச்சு வம்படியா எழுதுனேன், திரும்ப விண்டோஸ் வந்தப்போ அது தன் ஞாபகத்துல இருந்த பழைய கணக்க வச்சே டிரைவ நடத்த ஆரம்பிச்சிடுச்சு, காலேஜ் ரெக்கார்ட் ஃபோல்டர்ல பாதி ஃபைல் காணோம், மீதில பாதி திறக்கல. லினக்ஸ் மவுண்ட் பண்ண மாட்டேன்னு சொன்னது என் நல்லதுக்குத்தான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. டூயல் பூட்காரங்களுக்கு இதுல ரெண்டு கருத்தே கிடையாது, ஆஃப்.

தென்காசி சாரல்:
அடேங்கப்பா, ஷட்டவுன் ஷட்டவுன் இல்லங்கறது இந்த வயசுல தெரியுது. நம்ம வீட்ல விண்டோஸ் மட்டும்தான் தம்பி. சரி டிக்க எடுத்துட்டேன். பயாஸ் விஷயத்த யாரும் சொல்லலையே?

ராத்திரி ஷிஃப்ட்:
அது வேற, இது வேற சார். பயாஸ்ல இருக்கற ஃபாஸ்ட் பூட் விண்டோஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடக்கற சோதனைய சுருக்கறது, ராம் டெஸ்ட், யுஎஸ்பில என்னென்ன இருக்குன்னு பாக்கறதையெல்லாம் போர்டப் பொறுத்து தாண்டிப் போயிடும். சில போர்டுல அதனாலயே யுஎஸ்பி கீபோர்ட் அந்த நேரத்துல வேலை செய்யாது, டெலீட் கீயத் தட்டித் தட்டி விரல் தேஞ்சாலும் பயாஸ் உள்ள விடாது. அப்படி மாட்டிக்கிட்டா ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்னு போகலாம், விண்டோஸ் பழைய லெகசி முறையில போட்டதுன்னா அந்த ஆப்ஷன் வராது. பென்டிரைவ்ல பூட் பண்ற வேலை இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும், உங்க பிரிண்டருக்கு அதத் தொட வேண்டாம். லேப்டாப் வச்சிருக்கறவங்க பயாஸ்க்குள்ள போய் செக்யூர் பூட்ட மாத்தி வச்சிட்டா, டிஸ்க்கப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டு உக்காந்துக்கும், ஜாக்கிரதை.

டேட் ஓடிப்போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, மதர்போர்டுல நாணயம் மாதிரி இருக்கற சிமாஸ் பேட்டரி போயிருக்கும், சிஆர் 2032, வாட்ச் கடையில கிடைக்கும். ப்ளக் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா எஸ்எம்பிஎஸ்லருந்து (கேபினட்டுக்குள்ள இருக்கற பவர் சப்ளை) வர்ற ஸ்டாண்ட்பை கரண்ட்லயே கடிகாரம் ஓடிடும், நீங்க ராத்திரி அணைச்சிடறதால பேட்டரிய நம்பித்தான் ஓடணும், அதான் குட்டு வெளிப்படுது. மாத்தறதுக்கு முன்னாடி பயாஸ் ஸ்க்ரீன ஒவ்வொரு பக்கமா ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க, பேட்டரியக் கழட்டுனா செட்டிங்ஸ் கம்பெனி வச்சதுக்குப் போயிடும், சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோட பேசற முறை) ஏஎச்சிஐலருந்து ஐடிஇக்கு மாறிடுச்சுன்னா விண்டோஸ் ப்ளூ ஸ்க்ரீன் அடிக்கும், பயந்துடாதீங்க, பழையபடி மாத்துனா வந்துரும்.

ஸ்லீப் மோட் சங்கம்:
நான் நாலு வருஷமா ஷட்டவுனே பண்றதில்ல 🙏

பழைய மதர்போர்டு:
சாரல் அண்ணாச்சி, ஆஃப் ஆயிடுச்சான்னு செக் பண்ணணும்னா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக் போய் கெர்னல் பூட், 27ஆம் நம்பர் ஈவென்ட்டப் பாருங்க. பூட் டைப் நம்பர் 0ல முடிஞ்சா முழு பூட், 1ல முடிஞ்சா இன்னும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்லதான் இருக்குன்னு அர்த்தம். எனக்கு ஒரு தடவ பெரிய அப்டேட் ஒண்ணு வந்தப்புறம் டிக் தானா திரும்பி வந்திருந்துச்சு, அதனால எப்பவாவது எட்டிப் பாருங்க. அப்டேட்னு சொன்னதும் ஞாபகம் வருது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, பேங்க் வேலையெல்லாம் அதுல பண்றீங்கன்னா அதையும் யோசிங்க.

தென்காசி சாரல்:
ஒரு வாரம் பாத்துட்டு எழுதறேன். ஃபோன் ஸ்டாப்வாட்ச் வச்சே பாத்தேன், முன்னாடி 15 செகண்ட், இப்ப 22. அந்த ஏழு செகண்டுக்கா இவ்வளவு நாள் பாடுபட்டேன்னு இருக்கு. 27ஆம் நம்பரும் 0னுதான் முடியுது. வாட்ச் கடையில பேட்டரி நாப்பது ரூவா, நானே மாத்திட்டேன், போட்டோ எடுத்து வச்சது நல்லதாப்போச்சு, சாட்டா மோட் நிஜமாவே மாறியிருந்துச்சு. ராத்திரி ஷிஃப்ட் சாருக்கு ஒரு கும்பிடு.

பிரிண்டர் ஆறு நாளா மக்கர் பண்ணல. ஏழாவது நாள், அதான் இன்னிக்குக் காலையில, மறுபடி ஆஃப்லைன்! வேன் வர்ற நேரம் வேற, கை காலெல்லாம் உதறிப்போச்சு, ரீஸ்டார்ட், வயர மாத்தி மாட்டறது எல்லாம் பண்ணி அப்புறம் குனிஞ்சு பாத்தா, ராத்திரி இடி இடிச்சப்போ வீட்டம்மா பிரிண்டர் ஸ்விட்ச்சையும் சேத்து அணைச்சிருக்காங்க.