கார் அறுப்புக்கும் பிசானத்துக்கும் நடுவே ஐரோப்பா

சேரன்மகாதேவியிலிருந்து:

ஐரோப்பாவுக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதை முடிவு செய்தது வயல்தான். கார் போகத்து நெல்லை அறுத்து ஏற்றிவிட்டு, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவும்வரை கிடைக்கிற இடைவெளியில் மட்டும்தான் அப்பா ஊரைவிட்டு நகருவார். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும். நல்லவேளையாக அங்கேயும் அது தோதான நேரம். கோடைக் கூட்டம் வடிந்திருக்கும், ஊர்களில் பனி விழ ஆரம்பித்திருக்காது, அறை வாடகையும் ஜூலை, ஆகஸ்டில் கேட்கிற அளவுக்கு இருக்காது.

ஆனால் மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பினால் போதாது. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி எல்லாவற்றிலும் ஒன்றாகத் தண்ணீர் விழும். ஐரோப்பாவுக்கு அப்படி ஒரே சீசன் கிடையாது. அக்டோபர் நடுவில் நார்வேயின் உயரமான மலைச்சாலைகளைப் பனிக்காக மூடத் தொடங்குவார்கள். அதே வாரம் தெற்கே கிரீஸின் கிரீட் தீவில் ஆட்கள் கடலில் குளித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் என்னைக் கேட்டால் மாதத்தைவிடத் திசைதான் முக்கியம். இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் வடக்கே போய் இறங்கி, தெற்கு நோக்கி வரவேண்டும். குளிர் பின்னால் வரும், நாம் முன்னால் போய்க்கொண்டிருப்போம்.

நாங்கள் திருவனந்தபுரத்தில் ஏறி, துபாய் வழியாக ஹாம்பர்க்கில் இறங்கினோம். திரும்பியது ரோமிலிருந்து. டிக்கெட் போடும்போது மல்டி சிட்டி என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிக்கெட் போட்டுக்கொடுத்த தம்பி, “போன ஊரிலிருந்தே திரும்பினா கொஞ்சம் குறையும் அண்ணாச்சி” என்றான். ரோமிலிருந்து மறுபடி ஹாம்பர்க் போக ரயிலோ விமானமோ பிடித்து, அங்கே ஒரு ராத்திரி வாடகையும் கொடுத்தால், குறைந்தது எங்கே நிற்கும்? கணக்குப் போட்டுக் காட்டியதும் அவனே சிரித்துவிட்டான்.

விசாவுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஷெங்கன் விசா என்று ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. எங்களுக்கு இத்தாலி. கவுண்டரில் இருந்த பெண் ஓட்டல் பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கி, விரல் வைத்து ஒவ்வொரு இரவாக எண்ணினார். சுவிட்சர்லாந்திலிருந்து பிளாரன்ஸ் வருகிற நாளில் கொஞ்சம் நிறுத்தி, “இந்த ராத்திரி எங்கே?” என்றார். ரயில் சாயங்காலமே பிளாரன்ஸ் போய்விடும் என்று டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் அடுத்த தாளுக்குப் போனார். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை விரல் ரேகை கொடுத்தால் 59 மாதம் வரை அதையே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அடுத்த தடவை அப்பாவை அலைக்கழிக்கத் தேவையிருக்காது.

சுவிட்சர்லாந்தில் லூசர்ன் பக்கத்தில் பிலாட்டஸ் மலைக்குப் பற்சக்கர ரயிலில் ஏறினோம். 1889-லிருந்து ஓடுகிறது, அதிகபட்சச் சரிவு 48 சதவீதம். அம்மா ஏறும்போது முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்து, இறங்கும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாள். இந்த ரயில் குளிர்காலத்தில் ஓடாது. இன்னொன்று, அங்கே கேபிள் கார்களை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகச் சில நாட்கள், சில இடங்களில் சில வாரங்களே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு மலைக்கும் தேதி வேறு. ஓட்டல் போடுவதற்கு முன்னால் அந்த மலையின் தளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாரன்ஸுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஆலிவ் மரத்தடியில் வலை விரித்து, நீளக் கம்பின் முனையில் சீப்பு மாட்டிக் காய்களை உருவிக்கொண்டிருந்தார் ஒரு கிழவர். அப்பாவுக்குக் கால் நகரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே மரத்துக்கு மரம் இடைவெளியைக் கையால் அளந்து காட்டினார். அந்தக் கிழவரும் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குச் சொன்னார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. கடைசியில் அப்பா ஒரு காயை எடுத்து வாயில் போட்டுவிட்டார். பச்சை ஆலிவ் அப்படிக் கசக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்பார்களாம். அப்பா துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றதைப் பார்த்து, கிழவர் சிரித்த சிரிப்பில் வலையில் கிடந்த காயெல்லாம் உருண்டது.

ரோமில் ஒரு பழைய கட்டடத்தில் வீடு எடுத்திருந்தோம். பகலில் சட்டையோடு நடக்கலாம், இரவில் 12, 13 டிகிரி. நம்மூரில் மார்கழியிலும் 20-க்குக் கீழே போவது அபூர்வம். தரை முழுக்கக் கல். சுவரோரம் ஹீட்டர் இருந்தது, ஆனால் தொட்டால் ஜில்லென்று இருந்தது. கீழே இருந்த பராமரிப்பு அம்மாவிடம் கேட்டதற்கு, சாவி தன்னிடம் இல்லை, காலண்டரிடம் இருக்கிறது என்பதுபோலச் சுவரில் நவம்பர் 1-ஐத் தட்டிக் காட்டினார். இத்தாலியில் பகுதிவாரியாகச் சட்டமே இருக்கிறது. மிலான் பக்கம் அக்டோபர் 15-லிருந்து கட்டட ஹீட்டர் போடலாம், ரோமுக்கு நவம்பர் 1. நகராட்சி விதிவிலக்கு கொடுத்தால்தான் முன்னால் போட முடியும். அந்த அம்மாவே மேலே வந்து அலமாரியின் உச்சியிலிருந்து இரண்டு கம்பளி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அக்டோபரில் இத்தாலி போகிறவர்கள் வயசானவர்களுக்குத் தடித்த சாக்ஸ் எடுத்துப் போங்கள். தெருவில் நடக்க இல்லை, வீட்டுக்குள் நடக்க.

பாவூர்சத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி சொல்வது வயல் உள்ளவர்களுக்குச் சரி. நானும் வீட்டுக்காரரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். காலாண்டு விடுமுறையில் ஐரோப்பா எங்கே போய்வருவது? ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்தால்தான் உண்டு. அதனால் நாங்கள் அவர் சொன்னதைத் தலைகீழாகச் செய்தோம். ஏதென்ஸில் இறங்கி வடக்கே ஏறி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பினோம். வசந்தம் தெற்கேயிருந்துதான் மேலே ஏறும்.

வசந்தத்தில் போகிறவர்களுக்குக் குளிரைவிட விடுமுறை நாட்கள்தான் தொல்லை. மே 1 அன்று ஏதென்ஸின் பழைய கோயில் குன்றான அக்ரோபொலிஸ் மூடியிருக்கும். ஈஸ்டர் ஞாயிறும் அப்படித்தான். கிரேக்கர்களின் ஈஸ்டர் பல வருஷங்களில் மற்றவர்களின் ஈஸ்டருக்குப் பிந்தி வரும். 2024-இல் மற்ற நாடுகளில் மார்ச் 31, கிரீஸில் மே 5. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20 என்று ஒன்றாக வந்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம் பார்த்துத்தான் போடவேண்டும். நாங்கள் மே 1-ஐ வேறு இடத்துக்கு ஒதுக்கிவிட்டோம். அன்றைக்கு வழியிலேயே ஒரு பஞ்சாபிக் குடும்பம், அக்ரோபொலிஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்ததாகப் புலம்பிக்கொண்டிருந்தது.

நெதர்லாந்தில் கியூக்கன்ஹாஃப் துலிப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று கிளம்பும் முன்பே அத்தை சொல்லிவிட்டார்கள். கடைசி நாட்களில் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்துக்குள்ளே பூ இருந்தது. வெளியே வயலில் ஒரு வண்டி வரிசை வரிசையாகப் பூவை மட்டும் கொய்து, வயலிலேயே கொட்டிக்கொண்டு போகிறது. சிவப்பும் மஞ்சளுமாக மண்ணில் குவிந்து கிடக்கிறது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. “ஏன் இந்தப் பாவம்? பறிச்சுச் சாமிக்காவது போடலாமே” என்று வண்டிக்காரரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். அவர் இறங்கி வந்து, மண்ணைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்து அத்தை கையில் வைத்தார். விற்பது கிழங்கைத்தானாம். பூவை விட்டுவைத்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், கொய்துவிட்டால் கிழங்கு பருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னதை நான் சொன்னேன். அத்தை கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப சரி, இவருக்கு வெள்ளாமை இதுதான்” என்று வண்டிக்கு வழிவிட்டார்கள். வயல் பூ பார்க்க ஆசை இருந்தால் ஏப்ரல் நடுவில் போங்கள். எங்களைப் போல மே வந்தால் தோட்டத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மேலப்பாளையம், இப்போது ஸ்டுட்கார்ட்:

ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் என்கிற பீர் திருவிழா செப்டம்பர் நடுவிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். அந்த நாட்களில் மியூனிக்கில் அறை எடுக்காதீர்கள், வாடகை எங்கேயோ போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் மூடல். 2025-இல் அது வெள்ளிக்கிழமை. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது, “ஏங்க, இதுவும் பூட்டித்தான் கிடக்கு” என்று ஒரு குரல். கேட்டால் சங்கரன்கோவில்! ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும் என்று கூட்டிப் போனேன். அரிசியும் தயிரும் கிடைத்தது. அந்த அம்மா ஊறுகாய் பாட்டிலையே என் கையில் திணித்துவிட்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை இந்தியாவோடு மூன்றரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு நாலரை. ஆறு மணிக்கு அடைந்த பொழுது அன்றிலிருந்து ஐந்து மணிக்கே அடைந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்தில் உம்மா போன் செய்து, “மஃரிப் அதுக்குள்ள வந்துட்டா?” என்று கேட்பார்கள். பகலில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் அந்த ஞாயிறுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.

வள்ளியூரிலிருந்து:

மகள் இங்கிலாந்தில் லீட்ஸில் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு அப்படியே பாரிஸ், சுவிட்சர்லாந்து பார்க்கலாமா? லீவு நவம்பரில்தான் கிடைக்கும்.

சேரன்மகாதேவியிலிருந்து:

பார்க்கலாம் சார், ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் கிடையாது, அதற்குத் தனி விசா. வரிசையைக் கவனியுங்கள். முதலில் லீட்ஸ், அப்புறம் பாரிஸ், அங்கிருந்து ஊர் என்றால் ஒருமுறை நுழைகிற ஷெங்கன் விசா போதும். பாரிஸ் போய், லீட்ஸ் போய், மறுபடி சுவிட்சர்லாந்து என்றால் பலமுறை நுழைகிற விசா கேட்க வேண்டும். பிரிட்டன் விசாவையும் ஷெங்கன் விசாவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டிவரலாம், விசா முடிவாகும்வரை பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. அதனால் இப்போதே தொடங்குங்கள்.

நவம்பர் என்றால் நான் சுவிட்சர்லாந்தை விட்டுவிடுவேன். கேபிள் கார்கள் பல நின்றிருக்கும், பனிச்சறுக்குக் கூட்டமும் வந்திருக்காது, மலையடி ஊர்கள் பாதி மூடிக் கிடக்கும். லீட்ஸிலிருந்து நேரே தெற்கே இறங்கிவிடுங்கள்: ஸ்பெயினில் செவில், கிரனடா, இல்லாவிட்டால் சிசிலி. மழை வரும், ஆனாலும் மத்தியானம் வெயில் அடிக்கும் நாட்கள் நிறைய உண்டு. கிரனடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள் போகிற ஆட்களுக்குத் தினமும் உச்சவரம்பு உண்டு, நேரம் குறித்த டிக்கெட். விசா வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். டிக்கெட்டில் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், புதுப் பாஸ்போர்ட் எடுக்கிற நினைப்பிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.